திக்கற்றவருக்குத் தெய்வம் மட்டும் துணையா?

தமிழ் பைபிளைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு வார்த்தை பழக்கமாக இருக்கும். அப்பாவை இழந்த பிள்ளையை அது 'திக்கற்ற பிள்ளை' என்று அழைக்கிறது. எபிரேய மூலத்தில் அந்த இடங்களில் வரும் சொல், முக்கியமாகத் தகப்பன் இல்லாத பிள்ளையைக் குறிப்பது. அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் 'தகப்பனற்ற' என்று நேராக எழுதியிருக்கலாம். 'திக்கற்ற' என்று எழுதினார்கள். திக்கு என்றால் திசை. அப்பா போய்விட்டால் பிள்ளைக்கு முதலில் தொலைந்து போவது திசை என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

இதே வார்த்தையை வைத்துத் தமிழில் ஒரு பழமொழியும் இருக்கிறது. திக்கற்றவருக்குத் தெய்வமே துணை. சாவு வீட்டில் இதை அடிக்கடி கேட்கலாம். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் ஊருக்குக் கிளம்பும்போது, அந்த வீட்டுப் பையனின் தலையைத் தடவி இதைத்தான் சொல்வார்கள். கிறிஸ்தவ வீடாக இருந்தால் "கர்த்தர் பார்த்துக்கொள்வார் தம்பி" என்பார்கள். சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். பையன் அங்கேயே நிற்கிறான்.

தெய்வம் துணை இருக்கிறதா இல்லையா என்பது அவரவர் நம்பிக்கை. இங்கே கேள்வி வேறு. தெய்வம் துணை இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், அந்தத் துணை ஒரு பிள்ளையின் வாழ்க்கைக்குள் எந்த வழியாக வருகிறது?

எட்டுத் திக்கிலும் லிங்கம் உள்ள ஊர்

திருவண்ணாமலையில் திக்குக்குப் பஞ்சமே இல்லை. மலையைச் சுற்றி வரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எம லிங்கம், நிருதி லிங்கம், வருண லிங்கம், வாயு லிங்கம், குபேர லிங்கம், ஈசான்ய லிங்கம் என்று எட்டுத் திசைக்கும் ஒரு லிங்கம் இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள். இந்த ஊரின் மிகப் பிரபலமான மனிதர், அப்பாவைத் தேடி வந்த ஒரு பையன் என்பதுதான் பலரும் யோசிக்காத விஷயம்.

திருச்சுழியில் 1879ஆம் வருடம் பிறந்த வெங்கடராமனுக்கு 12 வயதாகும்போது, 1892இல் அப்பா சுந்தரம் ஐயர் இறந்து போனார். குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. அம்மா அழகம்மாள் சின்னப் பிள்ளைகளோடு மானாமதுரையில் ஒரு சித்தப்பா வீட்டுக்குப் போனார். மூத்தவன் நாகசாமியும் வெங்கடராமனும் மதுரையில் இன்னொரு சித்தப்பா சுப்பையர் வீட்டுக்குப் போனார்கள். மதுரையில் வெங்கடராமன் படித்தது ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும். மிஷன் பள்ளி என்பதால் பைபிளும் காதில் விழுந்த இடம் அது. பிற்காலத்தில், பைபிளில் கடவுள் மோசேயிடம் தம் பெயரைச் சொல்லும் இடத்தை அவர் அடிக்கடி எடுத்துக்காட்டினார்.

1896 ஆகஸ்ட் 29 அன்று 16 வயதில் அவர் வீட்டை விட்டுக் கிளம்பினார். அண்ணனுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டுவதற்காக இருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயோடு ஒரு கடிதம் வைத்தார். தன் தகப்பனைத் தேடி, அவருடைய உத்தரவுப்படி புறப்படுவதாக அதில் இருந்தது. பெயர் எழுத வேண்டிய இடத்தில் வெறும் ஒரு கோடு. செப்டம்பர் 1 காலையில் அண்ணாமலையார் சந்நிதியில் போய் நின்றார். அந்தப் பையன்தான் பிறகு ரமண மகரிஷி ஆனார்.

அவர் தேடிய தகப்பன் அருணாசலம் என்பது அவருடைய அனுபவம். அதைப் பற்றி விவாதம் தேவையில்லை. ஆனால் வந்து சேர்ந்த முதல் மாதங்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஆயிரங்கால் மண்டபத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அந்தப் பையன் மேல் ஊர்ச் சிறுவர்கள் கல் எறிந்தார்கள். பாதாள லிங்கக் குகைக்குள் போய் உட்கார்ந்தால் பூச்சிகள் தொடையை அரித்தன. அப்போது சிறுவர்களை விரட்டிக் காவல் காத்தது சேஷாத்திரி சுவாமிகள். குகையிலிருந்து தூக்கி வெளியே கொண்டுவந்தது ஊர்க்காரர்கள். பாலும் சோறும் கொண்டுவந்து வாயில் வைத்ததும் மனிதர்கள்தான். பிறகு பழனிசாமி என்பவர் வந்து சேர்ந்தார். சுமார் இருபது வருடம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்.

தகப்பனைத் தேடி மலைக்கு வந்தவருக்கே இத்தனை கைகள் வேண்டியிருந்தது. அப்படியானால் மகரிஷி ஆகப்போகாத சாதாரணப் பிள்ளைக்கு எத்தனை கைகள் வேண்டும்?

அப்பா என்ற சொல்

இதே திருவண்ணாமலையில் கிறிஸ்தவர்களும் பல தலைமுறையாக இருக்கிறார்கள். டென்மார்க்கிலிருந்து வந்த லுத்தரன் மிஷனரிகளின் பெயரைச் சுமக்கும் டேனிஷ் மிஷன் பள்ளி ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. அந்த மிஷன் வேலையிலிருந்து வளர்ந்ததுதான் ஆற்காடு லுத்தரன் திருச்சபை. கோபுரத்தின் நிழலில் வளரும் ஒரு கிறிஸ்தவப் பிள்ளைக்கு அப்பா இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைக்கு அதன் மதம் என்ன கொடுக்கிறது?

முதலில் ஒரு சொல்லைக் கொடுக்கிறது. இயேசு கடவுளை அழைத்த சொல் 'அப்பா'. இது தமிழ் மொழிபெயர்ப்பு இல்லை. அவர் பேசிய அரமேய மொழியிலேயே அந்தச் சொல் ஏறக்குறைய தமிழில் போலவே ஒலிக்கிறது, பொருளும் அதேதான். மாற்கு எழுதிய சுவிசேஷத்தில், கெத்செமனே தோட்டத்தில் சாவை எதிர்நோக்கிப் பயந்து ஜெபிக்கும் இடத்தில் அது அப்படியே வருகிறது. 68ஆம் சங்கீதம் கடவுளைத் திக்கற்ற பிள்ளைகளுக்குத் தகப்பன் என்ற நிலையில் வைக்கிறது.

இது சின்ன விஷயமில்லை. அப்பா இறந்த வீட்டில் அந்தச் சொல்லே காணாமல் போய்விடுகிறது. அம்மாவுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று பிள்ளைகள் சொல்வதில்லை, பிள்ளைகளுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று அம்மா சொல்வதில்லை. மாலை போட்ட போட்டோ மட்டும் சுவரில் இருக்கும். அந்தப் பிள்ளை ராத்திரி ஜெபத்தில் 'அப்பா' என்று வாய்விட்டுச் சொல்ல முடிகிறது என்றால், மூடிக் கிடந்த ஒரு கதவு திறந்த மாதிரிதான்.

ஆனால் இந்தச் சொல்லில் ஒரு சிக்கலும் இருக்கிறது. அப்பா இல்லாமல் வளர்கிற பிள்ளைகள் எல்லோரும் சாவினால் அப்பாவை இழந்தவர்கள் இல்லை. குடியில் மூழ்கிப்போன அப்பா, இன்னொரு குடும்பம் தேடிக்கொண்ட அப்பா, வேலைக்குப் போன ஊரிலிருந்து திரும்பி வராத அப்பா என்று எத்தனையோ வகை. அம்மாவை அடித்த அப்பாவைப் பார்த்த பிள்ளையிடம் "கடவுள் உன் அப்பாவைப் போல" என்று சொன்னால் அது ஆறுதலா, மிரட்டலா? மேடையில் பேசுபவர்கள் பல பேர் இதை யோசிப்பதே இல்லை. அந்தப் பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது, ஒரு நல்ல ஆம்பளை எப்படி இருப்பான் என்று கண்ணால் பார்ப்பது. அதைப் பார்த்த பிறகுதான் 'அப்பா' என்ற சொல் அதற்குப் புரியும்.

அதுவும் போக, பிள்ளையின் கேள்விகள் எல்லாம் ரொம்பச் சாதாரணமானவை. பிளஸ் டூ முடித்து எந்தப் படிப்பு எடுப்பது? கோபம் வந்தால் என்ன செய்வது? இந்த நண்பனை எவ்வளவு நம்பலாம்? அம்மா ராத்திரி அழுதால் போய்ப் பேசலாமா, தூங்குவது போல இருக்கலாமா? இவற்றுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பதில் கிடைக்காது. பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் கிடைக்கும்.

தீமோத்தேயுவிலிருந்து எமி வரை

கிறிஸ்தவத்தின் ஆரம்ப நாட்களிலேயே இதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. தீமோத்தேயு என்ற இளைஞனின் அப்பா கிரேக்கர் என்பதோடு அப்போஸ்தலர் நடபடிகள் நிறுத்திக்கொள்கிறது. பெயர்கூட இல்லை. பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள் இருவர் பெயரையும்தான் பவுல் தன் கடிதத்தில் எழுதுகிறார். தீமோத்தேயுவைத் தன் மகன் என்று அழைக்கிறார். அழைத்ததோடு விடவில்லை. கூடவே ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போகிறார், வேலை கற்றுக்கொடுக்கிறார், பொறுப்பு கொடுக்கிறார், இளைஞன் என்று யாரும் அலட்சியம் செய்துவிடக் கூடாது என்கிறார், வயிற்று வலிக்கு என்ன குடிக்கலாம் என்பதுவரை எழுதுகிறார். திக்குக் காட்டுவது என்றால் இதுதான்.

தமிழ்நாட்டுக்கு வந்தால், இதை முழு வாழ்க்கையாகவே காட்டிய ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் வாழ்ந்த எமி கார்மைக்கேல். அயர்லாந்தில் 1867 டிசம்பரில் பிறந்தவர். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். அப்பா டேவிட் மாவு மில் நடத்தியவர். தொழிலில் நஷ்டம் வந்து, 1885இல் நிமோனியாவில் இறந்து போனார். எமிக்கு அப்போது 17 வயது. மூத்த பெண் தலையில் குடும்பப் பாரம் விழுவது எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

அந்த வயதில் எமிக்குத் திக்குக் காட்டியவர் ராபர்ட் வில்சன் என்ற பெரியவர். கெஸ்விக் என்ற இடத்தில் நடக்கும் பெரிய கிறிஸ்தவக் கூடுகையை நடத்தியவர்களில் ஒருவர். மனைவியையும் மகளையும் சாவுக்குக் கொடுத்தவர். அப்பா இல்லாத மகளும் மகள் இல்லாத அப்பாவும் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். 1890இல் எமி அவர் வீட்டுக்கே போய் மகளாக இருந்தார். வில்சன் என்ற பெயரையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அவருடைய ஆரம்பகாலப் புத்தகங்கள் எமி வில்சன் கார்மைக்கேல் என்ற பெயரில்தான் வந்தன. தமிழ்நாட்டில் அப்பாவின் பெயரை இனிஷியலாகச் சுமப்பவர்களுக்கு இதன் அர்த்தம் நன்றாகப் புரியும்.

இதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. எமி மிஷனரியாக வெளிநாடு போக வேண்டும் என்றபோது அந்த முதியவருக்கு அது பெரிய வலி. இன்னொரு தடவை மகளை இழப்பது போல. ஆனாலும் போகவிட்டார். 1893இல் ஜப்பானுக்கும், 1895இல் இந்தியாவுக்கும் எமி புறப்பட்டது அப்படித்தான். பிள்ளை தன்னோடு ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைக்காமல், அது போக வேண்டிய திசையில் அனுப்பி வைப்பதும் அப்பா வேலைதான்.

1901 மார்ச்சில், கோயிலுக்கு விடப்பட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி எமியிடம் வந்து சேர்ந்தாள். அங்கிருந்து டோனாவூர் குடும்பம் வளர்ந்தது. முதலில் பெண் குழந்தைகள், 1918 முதல் ஆண் பிள்ளைகளும். அங்கே யாரும் யாரையும் 'மேடம்', 'சார்' என்று கூப்பிடவில்லை. எமி 'அம்மா'. வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் 'சிட்டி', அதாவது சித்தி. இந்தியப் பெண்கள் 'அக்காள்'. ஆண்கள் 'அண்ணாச்சி'. சொந்தம் இல்லாமல் வந்த பிள்ளைகளுக்கு ஒரு முழுச் சொந்தபந்தத்தையே திருநெல்வேலித் தமிழில் கட்டிக்கொடுத்தார்கள். எமி 1951 ஜனவரியில் இறந்தபோது அவர் விருப்பப்படி கல்லறையில் கல் வைக்கவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அதில் இருக்கும் பெயர் அம்மா.

17 வயதில் அப்பாவை இழந்த ஒரு பெண் தனக்குக் கிடைத்ததை அப்படியே மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். விசுவாசம் அவருக்கு வழி காட்டியது உண்மை. ஆனால் அது ராபர்ட் வில்சன் என்ற ஒரு கிழவரின் வீட்டு வாசல் வழியாகத்தான் வந்தது.

நன்றியை அறுவடை செய்யலாமா?

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். திக்கற்ற பிள்ளைக்குக் கை கொடுக்கிறோம் என்று சொல்லி மதத்துக்கு ஆள் சேர்ப்பதுதானே நடக்கிறது? எமியின் மேலேயே குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்ததாக வழக்குகள் வந்தன. இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கக் கூடாது. ஒரு பிள்ளை தன் வாழ்க்கையிலேயே மிகவும் பலவீனமாக இருக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் யார் சோறு போட்டாலும் அவர்கள் சொல்வதைக் கேட்கும். அந்தப் பலவீனத்தைப் பயன்படுத்துவது எந்த மதக்காரர் செய்தாலும் தப்பு.

இதற்குப் பதில் தஞ்சாவூரில் இருக்கிறது. 1787இல் துளஜா மன்னர் சாகும் தறுவாயில் சரபோஜி என்ற சிறுவனைத் தத்தெடுத்தார். சரபோஜிக்குப் பத்து வயதுகூட நிறையவில்லை. பெற்ற வீட்டை விட்டு வந்தாயிற்று, தத்தெடுத்த அப்பாவும் போய்விட்டார். மன்னர் அந்தப் பையனைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது சுவார்ட்ஸ் என்ற ஜெர்மானிய லுத்தரன் மிஷனரியை. 1750இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர், தமிழும் மராத்தியும் பேசியவர்.

ஆட்சிக்கு வந்த அமர்சிங் பையனைப் படிப்பு இல்லாமல் அடைத்து வைத்தபோது, சுவார்ட்ஸ்தான் கம்பெனி அதிகாரிகளிடம் விடாமல் முறையிட்டார். பாதுகாப்புக்காக 1793இல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கே கெரிக்கே என்ற இன்னொரு மிஷனரி பாடம் சொல்லிக்கொடுத்தார். 1798 பிப்ரவரியில் சுவார்ட்ஸ் இறந்தார். அதே வருடம் சரபோஜி அரியணை ஏறினார்.

அரசரான சரபோஜி கிறிஸ்தவர் ஆகவில்லை. தன் முன்னோர் வழியிலேயே வழிபட்டார், 1820களின் தொடக்கத்தில் பெரிய பரிவாரத்தோடு காசி யாத்திரை போய் வந்தார். சரஸ்வதி மகால் நூலகத்தை உலகப் புகழ் பெற வைத்தார், பள்ளிகள் நடத்தினார், மருத்துவ ஆராய்ச்சி நடத்தினார். அதே சரபோஜி, இங்கிலாந்தின் பெரிய சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு சுவார்ட்ஸுக்குப் பளிங்கில் நினைவுச் சின்னம் செய்ய வைத்தார். தஞ்சாவூர் சுவார்ட்ஸ் தேவாலயத்தில் அது இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் முதியவரின் கையைப் பிடித்தபடி இளம் அரசர் நிற்கிறார்.

மகனைத் தன் மதத்துக்குக் கொண்டுவரவில்லை என்பதால் சுவார்ட்ஸ் தோற்றுப்போனாரா? அவர் கையில் வளர்ந்த பிள்ளை நல்ல அரசன் ஆனான், நன்றியும் மறக்கவில்லை. ஒரு மிஷனரியின் விசுவாசத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்? பிள்ளைக்குத் திக்குக் காட்டுகிறவர், அந்தப் பிள்ளை கடைசியில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு காட்டக் கூடாது.

பணம் வந்தது, படிவமும் மாறியது

இன்றைய நிலைமைக்கு வந்தால், சில நல்ல மாற்றங்கள் நடந்திருக்கின்றன. முன்பெல்லாம் எந்தப் படிவத்தை எடுத்தாலும் 'தந்தை பெயர்' என்ற கட்டம் ஒரு சுவர் மாதிரி நிற்கும். 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம், திருமணம் ஆகாத தாய் ஒருவர் தன் பிள்ளையின் தந்தைக்குத் தகவல் கொடுக்காமலேயே தனிக் காப்பாளராக ஆக வழிவிட்டது. அந்த வழக்கைத் தொடுத்தவர் ஒரு கிறிஸ்தவப் பெண். 2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்குப் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்று மத்திய அரசு அறிவித்தது. அம்மாவின் பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொள்பவர்களையும் இப்போது பார்க்கலாம்.

பண உதவியும் இருக்கிறது. 2022இல் வந்த மிஷன் வாத்சல்யா விதிகளின்படி, தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். விதவைத் தாய் ஒருவர் கட்டட வேலைக்குப் பெங்களூருக்குப் போகாமல் பிள்ளைகளோடு ஊரிலேயே இருக்க, இந்தப் பணம் உதவலாம். விவரம் தெரியாத வீடுகளுக்கு இதைச் சொல்லி, படிவம் நிரப்பிக் கொடுத்தாலே பாதிப் புண்ணியம்.

ஆனால் பணம் அக்கவுண்டில் வரும், பேச வராது. அரசாங்கத்தால் செய்ய முடியாத இந்த இடத்தில்தான் சபைகளுக்கு வேலை இருக்கிறது. ஒரு சாதாரண சபையில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர், எலக்ட்ரீசியன், நர்ஸ், பேங்க் ஊழியர், கடை வைத்திருப்பவர், காலேஜ் படிக்கும் அண்ணன்மார், அக்காமார். வாரா வாரம் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். சண்டே ஸ்கூல் இருக்கிறது, மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி இருக்கிறது, வாலிபர் கூடுகை இருக்கிறது. வேறு எந்த இடத்தில் 14 வயதுப் பையன் ஒருவன் சொந்தக்காரர் அல்லாத இத்தனை பெரியவர்களைத் தொடர்ந்து பார்க்க முடியும்?

இவ்வளவு இருந்தும் பல இடங்களில் நடப்பது என்ன? கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி கொடுத்து, மேடையில் நிற்க வைத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிடுவது. 'தகப்பன் இல்லாத பிள்ளைகள் முன்னால் வாங்க' என்று மைக்கில் கூப்பிடும்போது அந்தப் பிள்ளையின் முகத்தை யாராவது பார்த்திருக்கிறார்களா? துணி கிடைத்தது, மானம் போயிற்று. பதினைந்து வயதில் அது எவ்வளவு வலிக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

செய்ய வேண்டியது இதைவிடச் சின்ன வேலை, ஆனால் நாள்பட்ட வேலை. பத்துப் பேர் பத்து நாள் காட்டும் பாசத்தைவிட, ஒரே ஆள் பத்து வருடம் விசாரிப்பது மேல். பரீட்சை ரிசல்ட் அன்று போன் செய்வது, காலேஜ் கவுன்சிலிங்குக்குக் கூடப் போவது, தப்பு செய்தால் கண்டிப்பது, கண்டித்த பிறகும் மறுவாரம் அதே மாதிரிப் பேசுவது. ஞாயிறு மதியம் வீட்டுக்குக் கூப்பிட்டுத் தன் பிள்ளைகளோடு உட்கார வைத்துச் சோறு போடுவது. அந்த வீட்டில் கணவன் மனைவிக்குள் சண்டை வந்தால் எப்படிப் பேசித் தீர்க்கிறார்கள் என்று பார்ப்பதே அந்தப் பிள்ளைக்குப் பெரிய பாடம்.

கூடவே ஒரு எச்சரிக்கையும் தேவை. அப்பா இல்லாத பிள்ளையைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள் இல்லை. யார் தட்டிக் கேட்பார்கள் என்ற தைரியத்தில் வருகிறவர்களும் உண்டு. போதகரோ, ஆசிரியரோ, யாராக இருந்தாலும் பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, அம்மாவுக்குத் தெரியாமல் எதுவும் நடக்கக் கூடாது என்ற விதி எல்லா சபையிலும் வேண்டும். தப்பு நடந்தால் 'சபையின் பெயர் கெட்டுவிடும்' என்று மூடி மறைப்பது, 2012ஆம் வருட போக்சோ சட்டப்படி குற்றம். விசுவாசத்தின்படியும் பாவம்.

இன்னொன்று. அப்பா இடத்தை நிரப்பக் கிளம்புகிறவர்கள் அம்மாவைச் சின்னவளாக்கிவிடக் கூடாது. தீமோத்தேயுவின் விசுவாசத்துக்கு வேர் அவன் அம்மாவும் பாட்டியும்தான் என்று பவுலே எழுதியிருக்கிறார். காலையில் நாலு மணிக்கு எழுந்து பூ கட்டி விற்றுப் பிள்ளையைப் படிக்க வைக்கும் தாயிடம் போய், 'ஆண் துணை இல்லாத வீடு' என்று பேசுவது அறியாமை. அந்தத் தாய் ஏற்கெனவே ஒரு திக்கைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். மற்றவர்கள் வர வேண்டியது அவளுக்குப் பக்கத்தில், அவளுக்கு மேலே இல்லை.

கடவுள் நம்பிக்கையே இல்லாமலும் அப்பா இல்லாத பிள்ளைகள் நன்றாக வளர்கிறார்கள், அதுவும் உண்மை. நல்ல ஆசிரியர், நல்ல தாய்மாமன் அமைந்தவர்களுக்கு வேறு எதுவும் தேவைப்படாமல் போகலாம். ஆனால் அமையாதவர்கள்தான் அதிகம். அவர்களுக்காகத்தான் யாக்கோபின் நிருபம், திக்கற்றவர்களையும் விதவைகளையும் அவர்கள் கஷ்டத்தில் போய் விசாரிப்பதுதான் சுத்தமான பக்தி என்ற கருத்தைச் சொல்கிறது. போய் விசாரிப்பது. உட்கார்ந்த இடத்திலிருந்து ஜெபிப்பதோடு முடிவதாக அதில் இல்லை.

திருவண்ணாமலையில் ஒவ்வொரு கார்த்திகையும் 2,668 அடி உயர மலை உச்சியில் தீபம் ஏற்றுகிறார்கள். சுற்றிலும் பல மைல் தூரத்துக்குத் தெரியும். இருட்டில் ஊருக்குத் திசை தெரியாமல் நிற்பவனுக்குக்கூட அது திசை காட்டும். வானத்திலிருந்து வந்த வெளிச்சம் போலத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கொப்பரையையும் ஆயிரக்கணக்கான கிலோ நெய்யையும் பர்வதராஜ குலத்து ஆட்களும் மற்றவர்களும் தோளில் சுமந்துதான் மேலே ஏற்றுகிறார்கள். ஒரு வருடம் யாரும் சுமக்கவில்லை என்றால் மலை அங்கேயே இருக்கும், வெளிச்சம் இருக்காது.

திக்கற்றவருக்குத் தெய்வமே துணை என்று இனிமேல் சொல்கிறவர்கள் தாராளமாகச் சொல்லட்டும். சொல்லிவிட்டு உடனே பஸ் ஏறாமல், அந்தப் பையனின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போகட்டும். அடுத்த வாரம் கூப்பிடட்டும்.